எலும்பு என்னும் வைப்பு நிதி

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இங்கே விலங்கியல் படித்துவிட்டு, பின்னர் உடற்கூறியல் சொல்லித்தரப் போனவன் நான். "நம்ம செட்டுல பாதிப் பேர் முட்டி வலின்னு சொல்றாங்க, அதைப் பத்தியே பேசிடுங்களேன்" என்றார் செயலாளர். முட்டிக்குப் போகுமுன் எலும்பைப் பார்த்துவிடுவோம்.

பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 எலும்புகள். வளர வளரச் சில ஒன்றுசேர்ந்து, பெரியவர்களுக்கு 206 ஆகின்றன. ஒரு கையின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 27. ஒரு பாதத்தில் 26. இரண்டு கை, இரண்டு பாதம் கூட்டினால் 106. மொத்தத்தில் பாதிக்கு மேல்! வேலை செய்யவும் நடக்கவும்தான் இந்த உடம்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எலும்பு என்றால் காய்ந்த கட்டை என்று பலர் நினைக்கிறோம். மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுத்தம் செய்த கோழிக்கால் எலும்பை வினிகரில் சில நாள் ஊறப் போடுங்கள். சுண்ணாம்புச் சத்து கரைந்து, ரப்பர் மாதிரி வளையும். இன்னொரு எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால் அதிலுள்ள புரதம் எரிந்துபோய், தட்டினால் உதிரும். கான்கிரீட்டில் கம்பியும் சிமெண்டும் போல, இரண்டும் சேர்ந்தால்தான் பலம்.

இந்தக் கட்டடத்தில் வேலை என்றுமே நிற்பதில்லை. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை இடித்துக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயதுக்குள் கட்டுவதுதான் அதிகம். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல இடிப்பது முந்திக்கொள்ளும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் அது இன்னும் வேகமெடுக்கிறது.

ஆகவே, மாணவச் செல்வங்களே, எலும்பு ஒரு வைப்பு நிதி. பணம் போடுகிற காலம் இப்போது உங்கள் வயதில் நடந்துகொண்டிருக்கிறது. எடுத்துச் செலவழிக்கிற காலம் எங்கள் வயது! "லேட்டாயிடுச்சு சார், சாப்பிடல" என்று காலையில் ஓடி வருகிறீர்களே, அது அந்தக் கணக்கில் விழும் குறை. விலை உயர்ந்த டானிக் எதுவும் தேவையில்லை. நம் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கூடவே பால், மோர், கீரை, கொஞ்சம் வெயில்.

சாப்பாடு மட்டும் போதாது. சுமைக்குத் தக்கபடி எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892-இல் எழுதினார். எடையற்ற விண்வெளியில் வாழ்பவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதம் ஏறத்தாழ 1 சதவீதம் குறைவது இதற்கு நல்ல உதாரணம். நாற்காலியை விட்டு எழாதவர்கள் பூமியில் இருந்தபடியே அந்த வழியில் போகிறார்கள்.

இனி மூட்டு. மண்டை ஓட்டில் இருப்பவை அசையாத மூட்டுகள். முதுகெலும்புக் கண்ணிகளுக்கிடையே இருப்பவை சிறிதளவு அசைபவை. முழங்கை கதவுக்கீல் போல. தோளும் இடுப்பும் கிண்ணத்தில் சுழலும் பந்து போல. இவற்றில் எலும்பும் எலும்பும் நேராக உரசுவதில்லை. இரண்டின் முனையிலும் சில மில்லிமீட்டர் கனத்தில் குருத்தெலும்பு. நடுவே முட்டை வெள்ளைக்கரு போன்ற கொஞ்சம் திரவம். பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட வழவழப்பு!

ஆனால் இந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. நரம்பு இல்லாததால் தேய ஆரம்பிக்கும்போது வலிக்காது. ரத்தம் இல்லாததால் தேய்ந்தது எளிதில் ஆறாது. சேதமான குருத்தெலும்பு திரும்ப வளருவதில்லை என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743-லேயே எழுதிவைத்தார்.

அப்படியானால் அதற்குச் சாப்பாடு எங்கிருந்து? காலை ஊன்றும்போது ஸ்பாஞ்ச் போல அழுந்துகிறது. எடுக்கும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. நடைதான் அதற்குச் சோறு! "வலிக்குதேன்னு நடக்கிறதையே விட்டுட்டேன்" என்கிற நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீக்கமும் கடும் வலியும் இருக்கும் நாளில் ஓய்வு எடுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மற்ற நாளில் நிதானமாக நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கித் தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

கடைசியாக ஒன்று. வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது சின்ன விஷயமல்ல. முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். அந்த முறிவு பெரும்பாலும் வீட்டுக்குள் விழுவதால்தான் வருகிறது. இன்று வீட்டுக்குப் போனதும் குளியலறையைப் பாருங்கள். வழுக்கும் தரையைத் தேய்த்துவிடுங்கள், சுவரில் ஒரு கைப்பிடி போடுங்கள், ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ஆகும் செலவு சொற்பம். காப்பாற்றப்படுவது உங்கள் அம்மாவாக இருக்கலாம்.

அடுத்த சந்திப்புக்கு எல்லோரும் அவரவர் காலால் இந்தப் படியேறி வர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.