புதிய வண்டியா, பழைய வண்டியா?

வண்டில் மாடு வாங்கச் செல்லும் உழவன் முதலில் விலையைக் கேட்பதில்லை. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்; சுழியைப் பார்ப்பான்; நாலடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பான். கிழட்டு மாட்டை மலிவென்று கொண்டுவந்து, மாரி உழவின் நடுவில் அது படுத்துக்கொண்டால், போவது மாட்டின் விலை மாத்திரமன்று. அவ்வாண்டின் விளைச்சலும் உடன்போகும் என்பதை அவன் அறிவான். அதேவேளை, இளமாட்டின் அழகில் மயங்கி, அதற்காகப் பட்ட கடனைத் தீர்க்க வயலை ஈடு வைத்தவர்களும் ஊருக்கு ஒருவர் உண்டு. இன்று மாட்டின் இடத்தில் சிறு பாரவண்டி வந்து நிற்கிறது. பல்லும் சுழியும் மறைந்தன. பழைய வினா மறையவில்லை. இளையதா, முதியதா? புதியதா, பழையதா?

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் கடற்கரை வீதியில், உப்புவெளிக்கு வடக்கே அமைந்திருப்பது சாம்பல்தீவு. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இத்தகைய ஊரில் பிறக்கும் செல்வங்கள் யாவும் காத்திருக்க அறியாதவை. விடியற்காலையில் கரைக்கு வந்த மீன் பொழுதேறுமுன் சந்தையைச் சேரவேண்டும். பறித்த கத்தரியும் வெண்டியும் மறுநாள் வரை முகம் வாடாமல் இரா. ஆகவே, சொந்தத்தில் ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை இங்கு ஆடம்பரத்தில் பிறந்ததன்று, பிழைப்பிற் பிறந்தது.

அந்த ஆசைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று, மக்கள் 'பட்டா' என்று அழைக்கும் சிறு பாரவண்டி. 2005 ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகமாகி, இலங்கையில் 'டிமோ பட்டா' என்ற பெயரில் விற்பனையான டாட்டா ஏஸ் வண்டியிலிருந்து இப்பெயர் பரவிற்று. மற்றொன்று, 'கப்' எனப்படும் வலிய வண்டி. 1968 இல் ஜப்பானில் தோன்றிய டொயோட்டா ஹைலக்ஸ் இவ்வகைக்கு நல்ல உதாரணம். எதை வாங்கினும், கடையிற் புதிதாக வாங்குவதா, ஒருவர் ஓட்டியதை வாங்குவதா என்ற இடத்தில்தான் குடும்பம் தடுமாறி நிற்கிறது.

எடுத்துக்காட்டாக, சாம்பல்தீவில் மீனும் காய்கறியும் ஏற்றிச் சென்று விற்கும் ஒரு குடும்பத்தைக் கொள்ளலாம். இதுவரை வாடகை வண்டியில் தொழில் நடந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும், மகளுக்கென எடுத்து வைத்த நகைகளை அடகு வைத்தாற் கிடைக்கும் தொகையும் சேர்ந்து 10 இலட்சம் ரூபா தேறுகிறது. குடும்பத் தலைவருக்குப் புதிய வண்டியில் நாட்டம். "புதியதென்றால் ஐந்து வருடத்துக்குத் தலைவலி இல்லை" என்கிறார் அவர். மனைவியோ, "கார்த்திகை மாதத் தவணையை எங்கிருந்து கட்டுவீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். இவ்விரு கூற்றுகளும் நியாயமானவையே. எதில் எடை கூடுதல் என்பதைக் கணக்குத்தான் சொல்லவேண்டும்.

கணக்கிற் புகுமுன், நாட்டில் அண்மையில் நிகழ்ந்ததொரு மாற்றத்தை நினைவிற் கொள்ளவேண்டும். அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் பொருளாதாரம் நிலைகுலைந்து, அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களுக்குள் 350 ரூபாவைக் கடந்தது. புதிய வண்டிகள் வராத அக்காலத்தில் பழைய வண்டிகளுக்குப் பெருங்கிராக்கி உண்டாயிற்று. பல ஆண்டுகள் ஓடிய வண்டி, அது புதிதாக வாங்கப்பட்ட விலையினும் மேலான விலைக்குக் கைமாறிய விந்தையும் நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி முதல் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. ஆயினும் ரூபாவின் வீழ்ச்சியும் உயர்ந்த வரிகளும் சேர்ந்து, புதிய வண்டியின் விலையைப் பழைய நாட்களின் விலைக்கு எட்டாத உயரத்தில் நிறுத்தின. இதனால் ஒரு பாடம் பெறப்படுகிறது. பழையது என்பதனாலேயே ஒரு வண்டி மலிவானதாகிவிடாது. தட்டுப்பாட்டுக் காலத்தில் அதிக விலை கொடுத்தவர், அந்த விலையை அடுத்தவரின் தலையிற் சுமத்த முயல்வது இயல்பே. விற்பவர் கொடுத்த விலை வண்டியின் பெறுமதிக்கு அளவுகோலாகாது. அதே வகைப் புதிய வண்டி இன்று என்ன விலை, இந்தப் பழைய வண்டிக்கு இன்னும் எத்தனை ஆண்டு உழைப்பு மீதியுண்டு என்பனவே அளவுகோல்கள்.

இனிக் கணக்கைப் பார்க்கலாம். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை; வாங்குவோர் தத்தமக்குரிய தொகைகளை அவ்விடங்களில் இட்டுக்கொள்ளலாம். புதிய வண்டியின் விலை 40 இலட்சம் ரூபா என்க. கையிலுள்ள 10 இலட்சம் போக, 30 இலட்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு 15 வட்டியில், குறைந்துசெல்லும் நிலுவைக்கு வட்டி கணக்கிடும் முறையில், ஐந்தாண்டுக் குத்தகைக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறக்குறைய 71,400 ரூபா ஆகும். பழைய வண்டியின் விலை 20 இலட்சம் என்க. எஞ்சிய 10 இலட்சத்தை நூற்றுக்கு 18 வட்டியில் மூன்றாண்டுக்குப் பெற்றால், தவணை ஏறக்குறைய 36,150 ரூபா. பழையதற்குத் திருத்த வேலை வந்தே தீரும். அதற்கென மாதம் 15,000 ரூபாவை ஒதுக்கினால் மொத்தச் சுமை 51,150 ரூபா.

எரிபொருளும் கூலியும் வழக்கமான பராமரிப்பும் போக, வண்டி ஓடும் நாளொன்றுக்கு 5,000 ரூபா மிஞ்சுமெனக் கொள்ளலாம். நல்ல மாதத்தில் புதிய வண்டி 25 நாட்களும் ஓடி 125,000 ரூபா ஈட்டும். தவணை போக 53,600 ரூபா வீடு சேரும். பழைய வண்டி அம்மாதத்தில் நான்கு நாட்கள் பழுதாகிக் கிடந்து 21 நாட்களே ஓடினாலும், 105,000 ரூபா ஈட்டும். சுமை போக 53,850 ரூபா மிஞ்சும். இரண்டும் ஏறக்குறையச் சமம். ஆகவே, மாதத்தில் நான்கு நாட்களுக்கு மேல் படுத்துக்கொள்ளும் பழைய வண்டி, விலையில் மலிவாயினும் உண்மையில் விலை கூடியதே. அதற்குக் குறைவாகப் படுக்குமாயின், பழையதே இலாபம். 'புதியதா, பழையதா' என்ற பெரிய வினா, 'இந்த வண்டி மாதத்தில் எத்தனை நாள் நிற்கும்?' என்ற சிறிய வினாவாகச் சுருங்கிவிடுகிறது.

மனைவி கேட்ட கார்த்திகை மாதம் இனி வருகிறது. வாடைக்காற்று வீசும் காலத்தில் கடல் கொந்தளிக்கும். தோட்டங்களில் நீர் நிற்கும். ஏற்றுவதற்குப் பொருள் குறைந்து, மாதத்தில் 12 நாட்களே வேலை கிடைக்கிறதெனின், புதிய வண்டி 60,000 ரூபா ஈட்டும். தவணையோ 71,400. துண்டுவிழும் 11,400 ரூபாவைக் கைப்பணத்திலிருந்து கட்டவேண்டும். பழைய வண்டி 10 நாட்கள் ஓடினால் 50,000 ரூபா; குறைவு 1,150 மாத்திரமே. அவசரமில்லாத திருத்தத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தால் அந்தக் குறைவும் இல்லை. தவணையை அவ்வாறு தள்ள முடியாது. கடல் அறிந்த பருவத்தைக் கடன் ஏடு அறியாது. மாரியின் மூன்று மாதங்களும் இவ்வாறே கழியுமாயின், அடகு வைத்த நகைகள் திரும்பி வரும் நாள் தூரப் போய்விடும். தவணை தொடர்ந்து தவறினால் வண்டியும் நிதி நிறுவனத்தின் முற்றத்துக்குப் போய்விடும்.

எனினும் பழைய வண்டியின் பக்கத்தில் மறைந்திருக்கும் இடர்களையும் சொல்லாமல் விடுவது நீதியன்று. தேய்ந்த வண்டிக்கு உரிய உதிரிப்பாகம் திருகோணமலைக் கடைகளில் இல்லையெனின், கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து அது வரவேண்டும். அங்கே தேடிப் பிடித்து, பஸ்ஸில் ஏற்றி, இங்கே பூட்டி முடிப்பதற்குள் இரண்டு மூன்று நாட்கள் கழிந்துவிடும். நான்கு நாட் கணக்கில் பெரும்பகுதி ஒரே பழுதில் தீர்ந்துபோகும். ஆகையால், அருகிலுள்ள ஊர்களில் பலரும் ஓட்டும் வகையைத் தெரிவது அறிவுடைமை. அரிய வண்டியின் அழகு, அது ஓடும்வரைதான்.

கரையோர ஊர்களுக்கே உரிய பகை ஒன்று உண்டு, அது உப்பு. கடற்காற்றில் கலந்துவரும் உப்பு இரும்பின் மேற் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரமும் உப்பும் சேர்ந்து துருவை விரைவுபடுத்தும். மீன் ஏற்றும் வண்டிக்கோ துன்பம் மேலிருந்தும் வரும். மீன் பெட்டிகளில் உருகும் பனிக்கட்டியின் நீர், மீனின் உப்பையும் சேர்த்துக்கொண்டு பலகை இடுக்குகளால் வடிந்து, செசி எனப்படும் அடிச்சட்டத்தின் மேல் சொட்டும். அச்சட்டம் உள்ளே பொள்ளலாக இருப்பின், புகுந்த நீர் வெளியேறாது. வெளியே புதுவர்ணம் மினுங்க, உள்ளே இரும்பு உதிரும். இயந்திரம் கெட்டால் திருத்தலாம். டயர் தேய்ந்தால் மாற்றலாம். அடிச்சட்டம் உளுத்தால் வண்டியே இல்லை.

இதனை ஊரின் பழைய திருத்துநர்கள் நன்கறிவர். வண்டி பார்க்க அழைத்துப் போகும் இளைஞன், "அண்ணன், இயந்திரச் சத்தம் நல்லாயிருக்கிறதே" என்று மகிழும்போது, அனுபவசாலியான திருத்துநர், "தம்பி, மேலே கேட்டது போதும், கீழே படுத்துப் பார்" என்பார். வண்டியை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திய பின்னரே கீழே செல்லவேண்டும். சிறு சுத்தியலால் அடிச்சட்டத்தை மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்னும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்தினால் உண்மை வெளிப்படும். வில்கள் பொருந்தும் இடம், பிரேக் குழாய்கள், ஏற்று தளத்தின் அடிப்புறம் ஆகிய மூன்றையும் தவறாது பார்க்கவேண்டும். புதிதாகப் பூசிய கறுப்பு வர்ணமும், பொருத்தி ஒட்டிய தகடுகளும் நல்ல அறிகுறிகள் அல்ல.

இயந்திரத்தைக் காலையில், சூடேறுமுன், இயக்கச் சொல்லவேண்டும். முன்னரே சூடாக்கி வைத்த இயந்திரம் தன் குறையை மறைக்கும். நீலப்புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது; சூடான பின்னரும் வெண்புகை ஓயாவிடின் குளிர்விக்கும் நீர் உட்புகுந்திருக்கலாம்; எண்ணெய் பால்நிறமாக இருப்பின் அந்த ஐயம் வலுக்கும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் வெள்ளம் நாட்டின் பல பகுதிகளைச் சூழ்ந்தது. ஆகவே வெளியூர் வண்டியாயின், இருக்கைத் தண்டவாளங்களில் துருவும், மின்கம்பி இணைப்புகளில் சேற்றுப் படிவும் உண்டா என்றும் பார்ப்பது நன்று. ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை மட்டும் நம்புதல் கூடாது. மிதிபலகையின் தேய்வு அதனிலும் உண்மை பேசும்.

இரும்பைப் பார்த்தபின் காகிதத்தைப் பார்க்கவேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள இயந்திர இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். கடன் தீராத வண்டியாயின், நிதி நிறுவனத்தின் உரிமை அப்பதிவில் நிற்கும். அது நீங்கும்வரை விற்பவர் கையெழுத்தால் மாத்திரம் வண்டி கைமாறியதாகாது. பெயர் நிரப்பாத படிவத்திற் கையெழுத்து வாங்கி, பழைய உரிமையாளர் பெயரிலேயே வண்டி ஓட்டும் வழக்கம் ஆபத்தானது. விபத்து நேர்ந்தால் இருதரப்பினருக்கும் வழக்கு. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றத்தை உரிய காலத்தில் பதிவதே நேர்வழி. காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், பாரவண்டிக்குரிய தகுதிச் சான்றிதழ் ஆகியவையும் நிலுவையின்றி இருத்தல் வேண்டும்.

அப்படியாயின் புதிய வண்டி எவருக்கு உகந்தது? ஆண்டு முழுவதும் ஓட்டம் உறுதியாக உள்ளவருக்கு உகந்தது. உணவகங்களுக்கோ கடைகளுக்கோ ஒப்பந்தப்படி நாள்தோறும் பொருள் கொடுப்பவர், ஒரு நாள் தவறினாலும் ஒப்பந்தத்தை இழப்பார். அவருக்கு நம்பகமே முதல். விலையின் பெரும்பகுதியைக் கையிற் கொண்டவருக்கும் அது பொருந்தும். ஐந்தாண்டு முடிவில் புதிய வண்டிக்கு நல்ல மறுவிலை இருக்கும் என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆனால் அந்த ஐந்தாண்டையும் கடந்து வந்தவருக்கே அந்த மறுவிலை. முதலாண்டு மாரியிலேயே வண்டியைப் பறிகொடுத்தவருக்கு அது கிட்டாது.

பருவத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு, அடிச்சட்டம் உறுதியான பழைய வண்டியே பெரும்பாலும் ஏற்றது. அப்படியொன்று கிடைக்காவிடின், அவசரப்பட்டு உளுத்ததை வாங்குவதைவிட, இன்னும் ஒரு பருவம் வாடகை வண்டியில் ஓட்டிப் பணம் சேர்ப்பது மேல். வாங்கியபின், ஏற்றித் திரும்பிய ஒவ்வொரு நாளும் ஏற்று தளத்தையும் அடிப்புறத்தையும் நன்னீரால் கழுவி உலரவிட்டால், உப்பின் கைக்கு வண்டி எளிதில் அகப்படாது.

சாம்பல்தீவுக் குடும்பத்தின் கதைக்குத் திரும்பினால், தலைவர் சொன்ன தலைவலியும் உண்மை. மனைவி கேட்ட கார்த்திகையும் உண்மை. ஆனால் தலைவலிக்கு மருந்து உண்டு. நல்ல திருத்துநரும், மாதந்தோறும் ஒதுக்கிய 15,000 ரூபாவும் அம்மருந்து. மழை மாதத்துத் தவணைக்கு மருந்து இல்லை. வண்டி வாங்கப் புறப்படும் நாளில் கடல் அமைதியாக இருக்கலாம், வானம் தெளிந்திருக்கலாம். விலை பேசும்போது மனத்தில் நிற்கவேண்டியது அந்நாளின் வெயில் அன்று, வரப்போகும் மாரி.