ஏரிக்குக் காவல் யார்?



நான் குடியிருக்கும் தரமணிக்குத் தெற்கே பெருங்குடி. அதனை அடுத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம் பெற்று உலகறிந்த நிலம் அது. ஆனால் அங்கே வந்து தேங்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அதன் கரையிலே வீடு கட்டிக் கொண்டவர்களிலும் பலர் விழிப்பர்.

சிட்லப்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் கலங்கல் வழியாகச் செம்பாக்கம் ஏரிக்குச் செல்லும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி இறங்கிச் சதுப்பை அடையும். பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். நம் முன்னோர் வெட்டிய இந்தத் தொடரில், மேல் ஏரியில் ஒருவர் விட்ட கழிவு கீழ் ஏரிக்காரரின் வாசலுக்கு வந்தே தீரும். ஆகவே ‘எங்கள் ஏரி’ என்று தனித்துச் சொல்லிக் கொள்வதற்கு எந்த ஊருக்கும் இடமில்லை.

கழிவுநீர் ஏரியில் கலந்தால் என்ன நிகழ்கிறது? அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் நல்ல உரமாகின்றன. ஏரி பச்சைப் பசேலென்று காட்சி தருகிறது. அறியாதவர் அதனைச் செழிப்பு என்று எண்ணுவர். பகலில் பாசி உயிர்க்காற்றை வெளியிடுகிறது. இரவிலோ அதுவும் நீரிலுள்ள காற்றையே உட்கொள்கிறது. அடியில் மக்கும் கசடு எஞ்சியதையும் தின்றுவிடுகிறது. மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். யாரோ நஞ்சு கலந்துவிட்டார் என்று தேடி அலைகிறோம். கலந்தவை நம் தெருக்களே.

இதற்குக் காவல் யார்? உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஒரு விடை தருகின்றன. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். அவற்றுள் ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் மறுபடி இடமில்லை. இன்றைய சங்கங்கள் பலவற்றுக்கு இந்த ஒரு விதியையாவது கடன் வாங்கித் தரலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடையவர் பெயரே அந்தக் குடத்தில் விழுந்தது. ஏரியில் மண் சுமந்தவர் பெயர் விழவில்லை.

அண்மைக் காலத்தில் சிட்லப்பாக்கத்து மக்கள் செய்ததைக் காண்போம். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையே குடத்தைத் தூக்கிக் கொண்டு லாரிக்குக் காத்திருந்தது நினைவிருக்கும். வறண்டு கிடந்த ஏரிக்குள் அவ்வூரார் விடுமுறை நாட்களில் இறங்கிக் குப்பை அகற்றினர். அதிகாரிகளிடம் இடைவிடாது முறையிட்டனர். அவ்வாண்டிலேயே அரசு அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் அறிவித்தது. முதலில் கை, பிறகு மனு என்னும் அந்த வரிசையை நான் மெச்சுகிறேன். எனினும் கையால் குப்பையை எடுக்கலாமே தவிர, கழிவுநீரை எடுக்க முடியாது. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவின் கழிவு, மழைநீர் வடிகாலில் புகுந்து மறுநாளே ஏரிக்கு வந்துவிடும். அதை நிறுத்துவது உள்ளாட்சியின் கடமை. நிறுத்தும் வரை கேட்டுக் கொண்டே இருப்பது ஊரின் கடமை.

‘ஆக்கிரமிப்பாளரே ஏரியைக் கெடுத்தனர்’ என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். கரையோரக் குடிசைகளைப் பெயர்த்து, அங்கிருந்தோரைச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினர். அவ்விடங்களும் மழையில் நீர் தேங்கும் தாழ்ந்த நிலங்களே அல்லவா! சதுப்பை மேடாக்கி எழுந்த பெரிய கட்டடங்களை எவரும் பெயர்க்கவில்லை. குடிசைக்காரரைச் சேர்த்துக் கொள்ளாத ஏரிக் குழு பாதி ஊரின் குழுவாகவே இருக்கும். எந்த மதகருகே எந்த நேரத்தில் கழிவுநீர் லாரி வந்து கொட்டிப் போகிறது என்பதை மாடிவீட்டார் அறியார், அவரே அறிவார்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. வெள்ளைத் தட்டு ஒன்றில் சிறு கல்லைக் கட்டி, முழத்துக்கு முழம் முடிச்சிட்ட கயிற்றால், ஆசிரியர் துணை நிற்க, நீரில் இறக்குங்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். நீர் கலங்கக் கலங்க அந்த ஆழம் குறையும். மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள். தண்ணீரை முகர்ந்து பார்த்ததையும் எழுதலாம்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள், புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாணவரும் ஊராரும் வரத்துக்காலின் தலைப்பிலிருந்து ஏரி வரையில் நடந்து பார்க்க வேண்டும். எத்தனை வீட்டுக் குழாய்கள் அதில் திறந்திருக்கின்றன என்று எண்ணி, அந்தக் கணக்கையும் அதே சுவரில் எழுதுங்கள்.