நாற்காலியை விட்டு எழுந்திருத்தல்

(மூணாறில் கூடிய குடும்பச் சந்திப்பில் பேசியது)



நான் பேசக் குறித்து வந்தது வேறு விஷயம். இன்று காலை விடுதி முன்கூடத்தில் நடந்ததைப் பார்த்து மாற்றிக்கொண்டேன். பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு மாமி அங்கிருந்த சோபாவில் உட்கார்ந்தார். அமிழ்ந்தார் என்பதே சரி. காபிக்குக் கூப்பிட்டபோது எழ முடியவில்லை. இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். "ஐயோ, தோள்பட்டை!" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணில் ஜலம். இழுத்தவர்களில் நானும் ஒருவன்.

என் தாயார் ஒரு சமயம் தீர்த்தம் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். காரணம் தெரிய வெகுநாள் ஆயிற்று. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போக யாராவது தூக்கிவிட வேண்டும். "மாட்டுப்பொண்ணை எத்தனை தடவைடா கூப்பிடறது?" என்றார். என் மனைவி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. குற்றம் நாற்காலியுடையது. தாழ்வான பிரம்பு நாற்காலி, கை கிடையாது.

இருக்கை தாழ்ந்தால் முட்டி இடுப்பைவிட உயர்ந்துவிடும். அங்கிருந்து உடம்பைத் தூக்கத் தொடைத் தசையும் இடுப்புத் தசையும் அதிகம் உழைக்க வேண்டும். வயதானால் குறைவது அந்த பலம்தான். மூணாறு மாதிரி ஐயாயிரம் அடி உயரத்துக் குளிரில், காலையில் முட்டி மடங்கவே யோசிக்கும். இருக்கையை உயர்த்தி, ஊன்றக் கையும் வைத்தால் முட்டியின் பாரம் வெகுவாகக் குறைகிறது. பாதம் தரையில் பதிந்து, இடுப்பு முட்டியைவிடச் சற்றே மேலே இருப்பது நல்ல உயரம்.

பிரம்பு நாற்காலியை எடுத்துவிட்டு, அப்பாவின் கைவைத்த தேக்கு நாற்காலியைப் போட்டோம். ஆசாரி மூன்று அங்குலக் கட்டை நான்கு செய்து, கால் நழுவாமலிருக்க நடுவில் குழி வெட்டிக் கொடுத்தார். முன்னுக்கு நகர்ந்து, பாதத்தை முட்டிக்குப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்படி குனிந்து, கையை ஊன்றி எழ வேண்டும். எழுந்ததும் உடனே நடக்கக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். நாலாம் நாள் அம்மா தானே எழுந்து போய் விளக்கேற்றினார்.

மின்சாரத்தில் இருக்கையே உயர்ந்து முன்சாய்ந்து எழுப்பிவிடும் நாற்காலிகளும் உண்டு. மிகவும் பலமிழந்தவர்களுக்கு அவை வரப்பிரசாதம். வாங்கும்போது கரெண்ட் போனால் இறங்க வழியுண்டா என்று கேளுங்கள். எழ முடிந்தவர்கள் அதையே நம்பினால் இருக்கிற பலமும் போய்விடும். நம் ஊஞ்சலைச் சொல்லாமல் விட முடியாது. எழும் நேரத்தில் பின்னால் நழுவுகிற ஆசனம் அது! எண்பது வயதில் அதில் உட்கார்ந்தால் சங்கிலியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

அகத்திலேயே ஒரு பரீட்சை செய்யலாம். சுவரை ஒட்டி 17 அங்குல நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒருவர் நிற்க, கைகளை மார்பில் கட்டி 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறீர்கள் என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுக்குள் ஆண்கள் 12-க்கும், பெண்கள் 10-க்கும் கீழே வந்தால் விழும் அபாயம் உண்டு, டாக்டரைப் பாருங்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் கைவைத்த நாற்காலிகள் இருக்கின்றன. ஆறு நாற்காலிகளை முன்கூடத்துக்கு மாற்ற விடுதிக்காரர் சம்மதித்திருக்கிறார். இரண்டு பையன்கள் என்னோடு வந்தால் இப்போதே போட்டுவிடலாம்.