வாடகைக் கேசட்டும் வீட்டுக் கேசட்டும்

(நம் சங்கத்தின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேசக் கூப்பிட்டபோது செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். "ஏதாவது உபயோகமாச் சொல்லுங்கோ, ஆனா உபதேசம் மாத்திரம் வேண்டாம்!" உபதேசம் செய்யும் யோக்யதை எனக்குக் கிடையாது. நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப் போகிறேன். அதை நீங்கள் செய்யாமல் இருந்தால் அதுவே எனக்கு உபயோகம்.

எங்கள் ஊர் பாறசாலை. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், நெய்யாற்றின்கரை தாண்டி, கேரளம் முடிகிற இடம். அதற்கடுத்த களியக்காவிளை தமிழ்நாடு. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் இந்த எல்லை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்று சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. சித்தப்பாவின் ஆம் குழித்துறையில். அது அந்தப் பக்கம் போயிற்று. அப்பா சொல்லுவார்: "நாம எங்கேயும் போகலைடா. ராத்திரி தூங்கி எழுந்தா நமக்கும் உன் சித்தப்பாவுக்கும் நடுவுல ஒரு செக்போஸ்ட்!"

ஆத்தில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், தெருவில் இரண்டும் கலந்த ஒரு பாஷை. அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். ஊர் முழுக்க அவருக்கு "சாரே"தான்.

1986இல் மஸ்கட்டில் வேலை பார்த்த என் அண்ணா லீவில் வந்தபோது ஒரு வி.சி.ஆர். கொண்டு வந்தான். நாங்கள் அதை 'டெக்' என்போம். அந்த நாளில் வளைகுடாவிலிருந்து யார் வந்தாலும் அட்டைப் பெட்டியில் கயிறு கட்டி ஒரு டெக்கும் வரும். எங்கள் தெருவில் எங்களுடையதுதான் முதல்.

சனிக்கிழமை சாயங்காலம் கேசட் எடுக்கப் போவது என் டூட்டி. மலையாளப் படம் என்றால் பஸ் ஏறி வடக்கே நெய்யாற்றின்கரை. தமிழ்ப் படம் என்றால் சைக்கிளில் தெற்கே களியக்காவிளை. மூன்று கேசட், ஒரு ராத்திரி வாடகை, மறுநாள் மத்தியானத்துக்குள் திருப்ப வேண்டும். ரீவைண்ட் செய்யாமல் கொடுத்தால் கடைக்காரர் அபராதம் வாங்குவார். கூடத்தில் எங்காத்து மனுஷா, திண்ணையில் தெருக்காரர்கள், ஜன்னலுக்கு வெளியே யாரென்றே தெரியாத நாலு பேர். படம் கோடு கோடாக ஓடினால் நான் எழுந்து 'ட்ராக்கிங்' குமிழைத் திருகுவேன். அதுவும் சரிப்படாவிட்டால் தாளில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைப்பேன். "சினிமாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று அப்பா முணுமுணுப்பார். ஆனால் சாய்வு நாற்காலி மட்டும் டி.வி.க்கு நேராகவே இருக்கும்!

1991இல் அண்ணா கையடக்கமான ஒரு வீடியோ கேமரா கொண்டு வந்தான். இருபது நாள் லீவு. கல்யாணம் இல்லை, சீமந்தம் இல்லை, எடுப்பதற்கு ஒரு விசேஷமும் இல்லை. ஆகவே ஆத்தில் தினம் நடப்பதையே எடுத்தான். அம்மா சேவைநாழியில் சேவை பிழிவது. மொட்டை மாடியில் வடாம் இட்டுவிட்டுக் குடையோடு காக்கா விரட்டுவது. பாட்டி கிணற்றில் ஜலம் சேந்துவது. "இதைப் போய் எவன் பார்ப்பான்?" என்று நானே கேலி செய்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னான். முதலில் மாட்டேன் என்றார். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து முன்னோர்கள் வந்த கதை, 1956இல் எல்லை பிரிந்த கதை, தான் முதன்முதலில் சம்பளம் வாங்கிய கதை, எங்கள் தாத்தா அடித்த ஜோக்குகள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. நடுநடுவே அம்மா உள்ளேயிருந்தபடியே, "அது அந்த வருஷம் இல்லை, அதுக்கடுத்த வருஷம்" என்று திருத்துவாள்.

ஊருக்குத் திரும்புமுன் அண்ணா எல்லாவற்றையும் டெக்கில் போட்டு ஒரு மூன்று மணி நேர வி.எச்.எஸ். கேசட்டில் சேர்த்துக் கொடுத்தான். கேமராவுக்குள் போடும் சின்ன கேசட்டுகள் விலை ஜாஸ்தி. அவற்றைத் திரும்ப எடுத்துப்போய் மஸ்கட்டில் வேறு எதையோ எடுத்தான். ஆக, எங்கள் ஆம் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருந்தது. அதன் மேல் பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதை ஒடித்துவிட்டால் அந்த கேசட்டில் மேற்கொண்டு எதுவும் பதிவாகாது. ஒரு வினாடி வேலை. அதையும் நான் செய்யவில்லை.

1994இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் நல்ல மலையாளப் படம் என்றார்கள். பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அலமாரியில் கைக்கு அகப்பட்ட கேசட்டை எடுத்துப் போட்டேன். பெயர் இல்லாத கேசட், காலி என்று நினைத்துவிட்டேன். சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. 1997இல் அப்பா காலமானார். பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அண்ணா சொன்னான்: "டேய், அப்பா பேசின அந்தக் கேசட்டைப் போடுடா. அம்மா கேக்கட்டும்." அலமாரி முழுக்கத் தேடினேன். ஒவ்வொரு கேசட்டாகப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒன்றில் அந்த மலையாளப் படம் வந்தது. வயிறு கலங்கிப் போயிற்று. ஓட்டி ஓட்டிக் கடைசிக்குப் போனேன். படம் முடிந்து, திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொதித்து, சட்டென்று எங்காத்து வாசல் வந்தது. அம்மா குனிந்து கோலம் போடுகிறாள். அப்பா திரையில் இல்லை. குரல் மட்டும் வருகிறது. "போரும்டா, பாட்டரி தீந்துடப் போறது. நாளைக்கு எடுக்கலாம்." அதன் பிறகு பாட்டி, கிணறு, பக்கத்தாத்துப் பசுங்கன்று. மொத்தம் பதினொரு நிமிஷம். அப்பாவுடையது அந்த ஒரு வரிதான்.

அண்ணா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்மா, "போனாப் போறது, இதாவது இருக்கே" என்றாள். அப்புறம் டெக்கை இயக்கத் தானே கற்றுக்கொண்டாள். எத்தனையோ மத்தியானங்களில் தனியாக உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்ப்பாளாம். சரியான இடத்தில் நிறுத்த அவளுக்கு வராது. அந்தப் படத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் அப்பா குரலுக்குப் போக வேண்டும்.

திருவனந்தபுரத்தில் ஒரு டெக்னீஷியனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விளக்கிச் சொன்னார். பதிவு செய்யும்போது டெக்கில் உள்ள ஒரு ஹெட் முதலில் நாடாவில் இருப்பதைத் துடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் புதியது எழுதப்படும். போனது போனதுதான். நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் படத்தை எந்தக் கடையிலும் மறுநாளே வாடகைக்கு எடுத்திருக்கலாம். இன்றைக்கும் நினைத்த நேரத்தில் பார்க்கலாம். அப்பா பேசியதை எந்தக் கடையில் போய்க் கேட்பது?

இது என் ஒருவனுடைய அசட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்திலேயே இன்னும் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி.டேனியலை மலையாள சினிமாவின் தந்தை என்கிறார்கள். 1992 முதல் கேரள அரசு அவர் பெயரில் விருது கொடுத்து வருகிறது. தன் நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, 'விகதகுமாரன்' என்ற ஊமைப் படத்தை அவர் எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அது. கையில் இருந்ததெல்லாம் போய், பின்னாளில் பல் வைத்தியராகப் பிழைத்து, 1975இல் காலமானார். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று உலகில் இல்லை. சிறு பையனாக இருந்தபோது பிலிம் சுருளைக் கொளுத்தி விளையாடியதாக அவருடைய இளைய மகனே பிற்காலத்தில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துப் பிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும். குழந்தைக்கு அது மத்தாப்பு!

அந்தப் படத்தின் கதாநாயகி பி.கே.ரோஸி, தலித் பெண். நாயர் பெண்ணாக அவர் நடித்ததைப் பொறுக்காமல் கல்லெறிந்து விரட்டினார்கள். லாரி ஏறி நாகர்கோவில் பக்கம் போய்விட்டார் என்பார்கள். ஜாதி கௌரவம் பேசியவர்கள் செய்த அநியாயம் அது. நாமும் வெட்கப்பட வேண்டிய விஷயம். அந்த முதல் கதாநாயகி நடித்ததைப் பார்க்க இன்று ஓர் அடி பிலிம்கூட இல்லை. 2013இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்ட்' என்ற மலையாளப் படம் இந்தக் கதையைச் சொல்கிறது. ஆனால் அதில் வருவது வேறு நடிகையின் முகம்தானே?

சந்தோஷமான உதாரணமும் எங்கள் ஊரிலேயே உண்டு. பாறசாலை பி.பொன்னம்மாள், 1924இல் பிறந்தவர். புதிதாகத் தொடங்கியிருந்த திருவனந்தபுரம் ஸ்வாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி. பெண்கள் பாடாத நவராத்திரி மண்டபத்தில் 2006இல், எண்பது வயதுக்கு மேல், முதல் பெண்ணாகப் பாடினார். 2017இல் பத்மஸ்ரீ. 2021இல் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். இன்றைக்கும் அவர் குரலை நாம் கேட்க முடிகிறது. காரணம், யாரோ ஒலிப்பதிவு செய்து வைத்தார்கள். என் அம்மாவும் பாடுவாள். வெள்ளிக்கிழமை பூஜை அறையில் மட்டும். வித்வாம்ஸினி இல்லை, சுருதி சில இடத்தில் நழுவும். 2011இல் அவளும் போய்விட்டாள். அவள் பாட்டு எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. அப்பா விஷயத்தில் அவ்வளவு பட்ட பிறகும் எனக்கு அது தோன்றவில்லை, பாருங்கள்!

இனி, செயலாளர் கேட்ட 'உபயோகம்'. உங்கள் ஆத்துப் பரணிலும் பீரோவிலும் பழைய கேசட்டுகள் இருக்கும். பூணூல், கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி. முதலில் அவற்றைக் கீழே இறக்குங்கள். நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும். ஜன்னல் போன்ற இடத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். நாடாவும் கெடும், டெக்கின் ஹெட்டும் கெடும். தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். டெக்குகளும் இனி வராது. உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் எனக்கு பயம் வந்தது. அடுத்த வருஷமே அந்தப் பதினொரு நிமிஷத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். இப்போது அது அண்ணாவிடம் ஒன்று, என்னிடம் ஒன்று, என் பெண்ணிடம் ஒன்று. மூன்று ஊர், மூன்று பிரதி. நீங்களும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதி வையுங்கள். முப்பது வருஷம் கழித்துப் பார்க்கும் குழந்தைக்கு அந்த மாமி யாரென்று எப்படித் தெரியும்?

புதிதாக எடுக்க இன்று கேமராவே வாங்க வேண்டாம். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. நாம் விசேஷங்களைத்தான் எடுக்கிறோம். பட்டுப்புடவையும் மாலையும் எல்லா ஆல்பத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுங்கள். பாட்டி எப்படி ரசப்பொடி அளக்கிறாள், தாத்தா பேப்பரை எப்படி மடிக்கிறார் என்று எடுங்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு எடுங்கள். பேச விடுங்கள், திருத்தாதீர்கள். எங்கள் எல்லைப்புறத்துத் தமிழை இன்று என் பெண் பேசுவதில்லை. அவள் பெங்களூரில் வளர்ந்தவள். அந்தப் பேச்சு எப்படி இருக்கும் என்று அவள் கேட்டால், நான் போட்டுக் காட்டுவதற்கு அப்பாவின் ஒரு வரிதான் இருக்கிறது.

அந்த வரியிலும் ஒரு தப்பு இருக்கிறது. "நாளைக்கு எடுக்கலாம்" என்கிறார் அப்பா. மறுநாள் அண்ணா மஸ்கட்டுக்குப் புறப்பட்டுவிட்டான்.

இன்று ராத்திரி ஆத்துக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஆத்தில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க சின்ன வயசுல ஆத்துல என்ன சமையல்?" என்று கேட்டு, போனில் பதிவு செய்யுங்கள். பாட்டரி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.