தேசியம் போரில்தான் முடியுமா?

(திருக்கோணமலை, பாலையூற்றில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



தேசியம் என்பது போரின் வித்து என்றும், மொழி, இனம் என்று பேசுவோர் உள்ளவரை நாட்டில் அமைதி நிலவாது என்றும் நமக்கு அறிவுரை கூறப்படுகிறது. 1983 முதல் 2009 வரை போரைக் கண்ட மக்கள் நாம். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கும் மண்ணில் இக்கூற்றை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. ஆகவே சினத்தை ஒருபுறம் வைத்து, சான்றுகளைக் கொண்டு இவ்வழக்கை ஆராய்வோம்.

சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்திற்கு வந்தபோது, காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்தோர் அடியுண்டு குருதி சிந்தினர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் தமிழரசுக் கட்சியின் மாநாடு இத்திருக்கோணமலையிலே கூடியது. அங்கு முன்வைக்கப்பட்ட கோரிக்கைகள் யாவை? சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரசாங்கக் குடியேற்றத்தை நிறுத்துதல் ஆகிய நான்குமே. இந்நான்கில் எதனை வென்றெடுக்கத் துவக்கு வேண்டும்? பங்கு கேட்ட தேசியம் அது. பிறர் பங்கைப் பறிக்க வந்ததன்று.

அக்கோரிக்கைகளின் பயனாக 1957ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிராந்திய சபைகளுக்கு உண்டு என்பது அதில் ஒரு விதி. கந்தளாயிலும் அல்லையிலும் நிலத்தின் கதையை அறிந்த கமக்காரர்களுக்கு இவ்விதியின் பெறுமதியை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஓராண்டு முடியுமுன்னே, 1958 ஏப்ரிலில், அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே நாடெங்கும் தமிழர் தாக்கப்பட்டனர்.

1961இல் மக்கள் கச்சேரிகளின் முன் அமர்ந்தனர். அவசரகாலச் சட்டமும் படையும் அவர்களுக்கு விடையாயின. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் மீண்டும் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதில் உறுதியளிக்கப்பட்ட மாவட்ட சபைகள் 1968இல் கைவிடப்பட்டன. 1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு, சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவில் சிறுபான்மையினருக்கு இருந்த காப்பையும் நீக்கிவிட்டது. 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் பிறந்தது இவ்வளவுக்கும் பின்னரேயாம்.

காலக்கணக்கைக் கவனியுங்கள். தனிச் சிங்களச் சட்டத்திற்கும் வட்டுக்கோட்டைத் தீர்மானத்திற்கும் இடையில் 20 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் தேசியம் இருந்தது, போர் இல்லை. அப்படியாயின் போரின் காரணம் எது? கையெழுத்திட்ட வாக்கு முறிந்ததும், நாடு முழுவதும் தன்னொருவனுக்கே உரியதென்று மற்றொரு தேசியம் அரசாங்கத்தைக் கைப்பற்றிக்கொண்டதுமே என்பது எமது துணிபு.

இத்துணிபை வெளியுலகமும் உறுதிசெய்கிறது. 1905இல் நோர்வே மக்கள் சுவீடனிலிருந்து பிரிய வாக்களித்தபோது, ஆதரவாக 3,68,208 வாக்குகளும் எதிராக 184 வாக்குகளுமே கிடைத்தன. இரு நாடுகளிலும் போர்ப் பேச்சு எழுந்தது. எனினும் கார்ல்ஸ்டாட் நகரில் பேசித் தீர்த்தனர், போர் மூளவில்லை. அண்டையிலுள்ள தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கும் தனிநாட்டுக் கோரிக்கை எழுந்தது. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துப் பலர் உயிர்நீத்தனர். ஆயினும் 1967இல் மொழிச் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டே அம்மொழிப் போராட்டத்தை நடத்தியோர் தேர்தலில் வென்று மாநில ஆட்சியில் அமர்ந்தனர். வழி திறந்திருந்தமையால் தேசியம் அவ்வழியே சென்றது.

எனினும், எதிர்த்தரப்பின் குற்றத்தை மட்டும் எடுத்துக்காட்டி நாம் வழக்கை முடித்துவிடல் நேர்மையன்று. அடக்கப்பட்டோரின் தேசியமும் அயலானின் பங்கை மறுக்கத் தலைப்படுமாயின், அடக்குவோனின் தேசியத்திற்கும் அதற்கும் வேற்றுமை யாது? 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். தமிழ் பேசும் மக்கள் என்று 1956இல் சேர்த்துச் சொல்லப்பட்டவர்களே அவர்கள்.

நமது மாவட்டத்து மாவிலாற்றை எவரேனும் மறக்கக்கூடுமோ? 2006 யூலையில் புலிகள் அதன் அணைக்கதவை மூடினர். கீழ்ப்புறத்து வயல்களுக்கு நீர் நின்றது. ஒரு வாய்க்காலை நம்பியிருந்த சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோருடைய பயிருக்கும் நேர்ந்த கதி அது. அரசாங்கம் பேச்சினால் கதவைத் திறப்பதை விடுத்து விமானத்தையும் பீரங்கியையும் ஏவியது. மூதூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். சம்பூர் மக்கள் தம் மண்ணுக்குத் திரும்ப 2015 வரை காத்திருந்தனர். அந்த அணைக்கதவில் மூண்ட இறுதிப் போர் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே முடிந்தது. வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சும் கமக்காரனுக்குத் தெரியும்: மேல்மடைக்காரன் மடையை அடைத்தால் கீழ்மடைக்காரன் மண்வெட்டியோடுதான் வருவான்.

ஆகவே இன்று நாம் கேட்பது இரண்டு. முதலாவது, அரசாங்கம் தன் சட்டத்தைத் தானே மதித்தல் வேண்டும். 1987இல் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்கென எழுதிய காணி அதிகாரம் ஏட்டளவிலே கிடக்கிறது. 2017 செப்டெம்பரில் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் ஆண்டுக்கணக்கில் ஒத்திவைக்கப்பட்டது. வாக்குச் சீட்டை மறுப்பவன் போரைக் குறைகூற உரிமையற்றவன்.

இரண்டாவது, நாம் வரையும் ஒவ்வொரு கோரிக்கையிலும் முஸ்லிம் அயலவருக்கும் சிங்கள அயலவருக்கும் உரிய பங்கு முதல் வரைவிலேயே எழுதப்படல் வேண்டும். பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்பது கூடாது. மூவினமும் வாழும் திருக்கோணமலையில் இதனைச் செய்துகாட்ட முடியாதெனில் வேறெங்கும் முடியாது.

தம் மொழியையும் மண்ணையும் நேசிக்கும் உரிமையை எவருக்காகவும் நாம் கைவிடோம். அவ்வுரிமையை அயலவருக்கும் நாம் மறுக்கோம். இவ்விரு உறுதிகளும் ஒருங்கே நிற்கும்வரை நம் தேசியம் போருக்கு வழியாகாது.