கொலோமா மரவறுப்பு ஆலையின் வரலாறு



கலிபோர்னியாவில் 1848-ஆம் வருஷத்தில் தங்கம் அகப்பட்ட கதையை அநேகர் கேட்டிருப்பார்கள். அது அகப்பட்ட இடம் ஒரு சுரங்கமன்று. கட்டி முடியாத ஒரு சிறு மரவறுப்பு ஆலையின் வாய்க்கால் என்பதைச் சிலரே அறிவர். தங்கத்தைப் பற்றிப் பேசுவோர் ஏராளம். அந்த ஆலைத்தொழில் என்ன ஆயிற்று என்பதே இங்குச் சொல்லப்படுவது.

பேடன் நாட்டில் பிறந்த ஜான் ஸட்டர் என்பவர் 1839-இல் ஸாக்ரமெண்டோ பள்ளத்தாக்கில் குடியேறிப் பெரும் பண்ணையொன்றை ஏற்படுத்தினார். வீட்டுக்கும் களஞ்சியத்துக்கும் பலகை வேண்டியிருந்தது. சமவெளியில் நின்ற ஓக் மரங்கள் நீண்ட பலகைக்கு உதவா. கைவாளால் அறுப்பதென்றாலோ, கட்டையைக் குழியின்மேல் ஏற்றி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நாள் முழுவதும் இழுக்க வேண்டும். ஆகவே, பைன் மரமும் ஓடும் நீரும் ஒருங்கே உள்ள மலையடிவாரத்தில் ஆலை வைக்க அவர் தீர்மானித்தார்.

ஜேம்ஸ் மார்ஷல் என்னும் தச்சர் அவருக்குக் கூட்டாளியானார். 1847-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. முதலும் ஆட்களும் ஸட்டருடையவை. கட்டி நடத்துவது மார்ஷலின் பொறுப்பு. அறுபடும் பலகையில் அவருக்கு ஒரு பாகம். கோட்டையிலிருந்து சுமார் 45 மைல் தூரத்தில், அமெரிக்கன் நதியின் தென்கிளைக் கரையிலுள்ள கொலோமாவில் வேலை தொடங்கிற்று. படையிலிருந்து விடுபட்ட மார்மன் வகுப்பினரும், அந்நாட்டுப் பூர்வகுடிகளான நிஸனான் மக்களும் உழைத்தனர். ஸட்டரின் பண்ணையில் பூர்வகுடிகள் பலர் பலவந்தத்தின்பேரிலேயே வேலை செய்தார்கள் என்பதையும் மறைத்தலாகாது.

ஆலையின் அமைப்பு எளிது. அணையால் திருப்பிய நீர் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் சட்டத்தில் நிமிர்த்திக் கட்டிய வாளை மேலும் கீழும் இயக்கும். கட்டை சிறிது சிறிதாக வாளை நோக்கி நகரும். ஆனால் சக்கரத்தைக் கடந்த நீர் வெளியேறும் கால்வாய் ஆழமின்றி இருந்தமையால், நீர் தேங்கிச் சக்கரத்தைத் தடுத்தது. பகலில் மண்ணைக் கிளறி, இரவில் நீரைத் திறந்துவிட்டு அதை அரிக்கச் செய்தனர். 1848 ஜனவரி 24-ஆந் தேதி காலை அக்கால்வாயைப் பார்க்கச் சென்ற மார்ஷல் பொன்துணுக்குகளைக் கண்டார்.

ஸட்டர் மகிழவில்லை. மாவாலையொன்றும் பாதியில் நின்றது. ஆட்கள் போய்விடுவார்களென்று அஞ்சி, ஆறு வாரம் இரகசியம் காக்கும்படி வேண்டினார். நிலத்துக்கோ பத்திரமில்லை. பூர்வகுடிகளிடம் அவசரமாகக் குத்தகை எழுதி வாங்கினார். நிலத்தைக் குத்தகைக்கு விட அவர்களுக்கு உரிமையில்லையென்று இராணுவ கவர்னர் மேஸன் அதை ஒப்புக்கொள்ள மறுத்தார். முதல் போட்ட பின்னர்ப் பத்திரம் தேடியதன் பலன் இது.

மார்ச்சு மாதத்தில் ஆலை ஓடிற்று. நல்ல பலகையும் அறுத்தது. மே மாதத்தில் செய்தி ஸான் பிரான்ஸிஸ்கோவில் பரவியதும், தொழிலாளர் யாவரும் ஆற்றுமணலுக்கு ஓடினர். பதனிடும் தொட்டிகளில் ஸட்டரின் தோல்கள் அழுகின, மாவாலை முடிவுறவேயில்லை.

இனிமேல்தான் வியப்பு. 1849-இல் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர். குடிசைக்கும் கடைக்கும், பொன்மணலை அலசும் பெட்டிக்குங்கூடப் பலகை வேண்டும். ஆற்றில் நின்று மணலை அரித்தோரில் பலர் வெறுங்கையாய்த் திரும்பினர். அவர்களுக்குப் பலகை விற்கும் ஆலையோ கொலோமாவில் ஆயத்தமாய் நின்றது. சரக்குக்கு இத்தகைய கிராக்கி எத்தனை தொழில்களுக்குக் கிட்டும்? ஆயினும் ஸட்டர் தம் பாகத்தை விற்றுவிட்டார். புதிய பாகஸ்தர்கள் சேர்ந்தனர். நிர்வாகச் சீர்கேடும் வழக்குகளும் பெருகின. ஆலையைக் கெடுத்தது தங்கம் என்பார்கள். கணக்கும் ஒற்றுமையும் இருந்திருந்தால் அதே தங்கம் அதை வாழ்வித்திருக்கும். 1850-க்குப் பின் ஆலை கைவிடப்பட்டது.

காங்கிரஸ் சபையிடம் நஷ்டஈடு கேட்டுக்கொண்டே ஸட்டர் 1880-இல் வாஷிங்டனில் காலமானார். மார்ஷல், கொலோமாவை அடுத்த கெல்ஸி என்னும் ஊரில் கொல்லுப்பட்டறை நடத்தி, 1885-இல் வறுமையில் இறந்தார். கொலோமாவைப் பார்த்தபடியுள்ள குன்றின்மேல் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.