ஊரைக் கூட்டிய பறை

கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் தோழர்களே, தில்லை நகரத்துத் தாய்மார்களே!

ஒரு நாட்டோடு மற்ற நாடுகளெல்லாம் உறவை முறித்துக்கொண்டால் இங்கிலீஷ் பத்திரிகைக்காரன் அதற்கு ஒரு பட்டம் கொடுக்கிறான்: 'பரையா'. ஊரே ஒதுக்கி, பேச்சுத் துணைக்கும் ஆளில்லாமல் நிற்பவனுக்கும் அதே பட்டம். அது எங்கிருந்து போன சொல்? நம் தெருவிலிருந்து போன சொல்!

1690இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினான் வெள்ளைக்காரன். பீரங்கிக் குண்டு விழுகிற தூரம்வரை நிலம் அவனுக்கு. குண்டு உப்பலவாடிக்காரர்கள் இங்கே இருக்கிறீர்களே, உங்களுக்குத் தெரியும், உங்கள் ஊர்ப் பெயரிலேயே அந்தக் குண்டு இருக்கிறது! ஆனால் நம் சொல் அதற்கு முன்னாலேயே கப்பலேறிவிட்டது. போர்ச்சுக்கீசியர் எழுதினார்கள், ஆங்கிலேயர் அச்சடித்தார்கள். 1791இல் பெர்னார்தின் தெ சேன் பியர் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியக் குடிசையைப் பற்றிக் கதை எழுதினார். ஒதுக்குப்புறக் குடிசையில் ஒரு பறையர். பெரிய பண்டிதர்களிடம் கிடைக்காத ஞானம் அவரிடம் கிடைக்கிறது. ஐரோப்பா உருகியது. உருகிக்கொண்டே அவர் பெயரைத் தனிமைக்குச் சூட்டிவிட்டது!

அந்தப் பெயரில் உள்ள பறை எதற்கு ஐயா? ஊரைக் கூட்டுவதற்கு! ஏரி உடைந்தால் பறை, திருவிழாவுக்குப் பறை, சாவுக்குப் பறை. துடியன், பாணன், பறையன், கடம்பன், இந்த நால்வரை விட்டால் வேறு குடியே இல்லை என்று புறநானூற்றில் பாடினார் மாங்குடி கிழார். அப்படிக் கூட்டியவன் பெயர் தனித்தவன் பெயர் ஆனதே! வெள்ளைக்காரன் மேல் மட்டும் பழிபோட நான் வரவில்லை. அவன் கண்டதை எழுதினான். ஒதுக்கியது நாம்!

இன்றைக்கும் சிலர் மேடைக்கு மேடை பறைக்கு மாலை போடுகிறார்கள். அடிக்கிற கலைஞரை எங்கே நிறுத்துகிறார்கள்? வாசலில்! தட்டுங்கள், அவர்கள் காதில் விழட்டும்!

ரெட்டமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கினார். என்ன பெயர்? 'பறையன்'! எதைச் சொல்லி ஏசினார்களோ அதையே தலைப்பில் அச்சடித்தார்.

அப்புறம் ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு துறவி இந்த ஊருக்கு வந்தார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்கள் எழுந்து நின்றுவிடுவீர்கள். நந்தன் என்ற பக்தரைக் கோயிலுக்கு வெளியே தனியாக நிறுத்திய கதை வழங்கும் ஊரில், 1916இல், நந்தன் பெயராலேயே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொன்னார். சட்டமன்றத்துக்கும் போனார். வேறு துறவியாயிருந்தால் மடத்தோடு நின்றிருப்பார். இவர் பள்ளிக்கூடம் கட்டினார்!

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள். அடேயப்பா, கடைசி வரிசைவரை! ஏன் அங்கே நிற்கிறீர்கள்? முன்னால் வாருங்கள். வாசலில் நிற்கும் பறைக் கலைஞர்களே, நீங்கள் மேடைக்கே வாருங்கள். தம்பி, இங்கே நாற்காலி போடு!